எழுவாய் யார்? – பிச்சாவரக் கண்டற்காடு பற்றி ஒரு திறனாய்வு

சிற்றூர் மக்களின் வாழ்வை உயர்த்துவது ஒரு பணி. அம்மக்களைச் சூழ்ந்த காட்டையும் நீரையும் காப்பது மற்றொரு பணி. இவ்விரண்டையும் ஒருங்கே செய்வோம் என்று முன்வரும் அறநிறுவனங்கள் சென்ற நாற்பது ஐம்பது ஆண்டுகளில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பலவாகத் தோன்றியுள்ளன. இன்றும் புதியன தோன்றிக்கொண்டே இருக்கின்றன. அவை ஆண்டுதோறும் அறிக்கைகள் வெளியிடுகின்றன. பொருளியல் அறிஞர் அவற்றைப் படிக்கின்றனர். தாவர நூல் வல்லார் படிக்கின்றனர். பணம் கொடுத்தவர் கட்டாயம் படிக்கின்றனர். தமிழாசிரியராகிய நாம் மட்டும் படிப்பதில்லை. நமக்கும் அவற்றிற்கும் என்ன தொடர்பு என்று ஒதுங்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுங்குதல் தகாது என்பதே என் கருத்து. அவ்வறிக்கைகளும் உரைநடையே. உரைநடை எதுவாயினும் அதனை நிறுத்துப் பார்க்க நம் கையில் ஒரு நிறைகோல் உண்டு. அஃது இலக்கணம்.

எடுத்துக்காட்டாக, ‘காடு அழிந்தது’ என்னும் தொடரைக் காண்க. இதில் எழுவாய் ‘காடு’. அழிதல் காட்டின் தொழிலாகவே சொல்லப்படுகிறது. ‘காட்டை அழித்தனர்’ என்றால் வினை பிறவினையாகிறது, காடு இரண்டாம் வேற்றுமை ஏற்றுச் செயப்படுபொருளாகிறது, உடனே ‘யார்?’ என்னும் வினா எழுகிறது. ‘காடு அழிக்கப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையில் எழுதினாலோ, ஒருவர் செய்தார் என்பது தெரிகிறது. அவர் யார் என்பது மறைகிறது. ‘வாசல் பெருக்கிற்று’ என்பதைப் போல, செயப்படுபொருளையே வினைமுதலாக வைத்துச் சொல்லும் வழக்கினையும் நம் பண்டைய இலக்கண ஆசிரியர் உடன்பட்டுள்ளனர். ஆயினும் வாசல் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டது என்று அவர் எவரும் கருதினாரல்லர். துடைப்பம் பிடித்த கை ஒன்று உண்டு என்பதை அறிந்தே அவ்வழக்கினை ஏற்றனர். நாம் அக்கையை மறந்துவிட்டு வழக்கினை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்நிறைகோலைப் பயன்படுத்திப் பார்ப்பதற்குத் தமிழகத்திலேயே தக்க ஓர் இடம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரமே அவ்விடம். உப்பங்கழிகளுக்கு நடுவே கண்டல் மரங்கள் அடர்ந்த காடு அது. நம் போர்ட்டிக்சன் கடற்கரையிலும் லிங்கி ஆற்று முகத்துவாரத்திலும் நாம் ‘பாக்காவ்’ என்று மலாய்ப் பெயரால் வழங்கும் மரங்களின் உறவினமே அங்கும் வளர்கிறது. சங்க இலக்கியத்து நெய்தற் பாடல்களில் கண்டல் வருமிடங்களை விளக்கும்போது, நம் மாணவருக்குப் ‘பாக்காவ்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அரைமணி நேர விரிவுரை மிச்சமாகும். (அகராதிகள் கண்டலுக்குத் தாழை என்றும் ஒரு பொருள் தரும், இடம் நோக்கிக் கொள்க.) சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லையும் இக்காட்டு மரம் ஒன்றின் பெயரே. அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் உண்டாகும். தில்லை மரத்தைத் தலமரமாகப் போற்றிப் பாடும் நம்மவருள், அதனை நேரில் கண்டோர் எத்தனை பேரோ!

இக்காட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் பட்டுப்போயிற்று. யாரால்? ஊரார் விறகு வெட்டினர், மாடுகளை மேயவிட்டனர், ஆதலின் காடு அழிந்தது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விடை. இவ்விடையில் எழுவாய் தெளிவாக இருந்தது: ஏழை மக்கள்.

சென்னையில் 1988-இல் தொடங்கப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இவ்விடத்தில் பணி மேற்கொண்டது. கும்பகோணத்தில் 1925-இல் பிறந்து 2023-இல் மறைந்த வேளாண் அறிஞர் சுவாமிநாதன், 1987-இல் தமக்குக் கிடைத்த உலக உணவுப் பரிசின் தொகையைக் கொண்டு நிறுவியது அது. நிறுவனத்தார் உடனே கன்றுகளைத் தூக்கிக்கொண்டு நடவுக்கு ஓடவில்லை. முதலில், பட்டுப்போன நிலத்தையும் அதன் பழைய கணக்கையும் ஆராய்ந்தனர். கிடைத்த விடை வேறாக இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தொடங்கி, நாடு விடுதலை பெற்ற பின்னும் பல்லாண்டுகள், அரசின் வன நிர்வாகமே இக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முறைவைத்து முற்றாக வெட்டிவந்தது. வெட்டிய இடம் தானே தழைத்துவிடும் என்பது அதிகாரிகளின் கணக்கு. மேட்டு நிலத்துக் காட்டில் அக்கணக்குப் பலிக்கலாம். உப்பங்கழியில் பலிக்கவில்லை. நிழல் நீங்கிய சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து சற்றே தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்தில் ஓதநீர் புகுந்தது. வடிய வழியின்றித் தேங்கியது. வெயில் நீரை உறிஞ்சிக்கொள்ள உப்பு மட்டும் தங்கியது. ஆண்டுதோறும் உப்பு ஏறிய அந்நிலத்தில் விழுந்த விதை எதுவும் முளைத்து நிலைக்கவில்லை.

ஊரார் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததும் பொய்யல்ல. ஆனால் அவை புண்ணைக் கீறியவையே. புண்ணை உண்டாக்கியவை அல்ல. இவ்வேறுபாட்டை எண்ணிக்கையோடும் மண் ஆய்வோடும் நிலைநாட்டியதே இந்நிறுவனம் செய்த தலையாய பணி என்பேன். நட்ட மரங்களைவிட இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு வாக்கியத்தின் எழுவாயை அவர்கள் திருத்தினர். நெடுங்காலமாகக் குற்றவாளிக் கூண்டில் நின்ற ஒரு மக்கட் கூட்டத்தை அத்திருத்தம் கீழே இறக்கியது.

நோய் இன்னதென்று தெரிந்ததும் மருந்தும் எளிதாயிற்று. கழியிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைத்த சிறு வாய்க்கால்கள். மேலிருந்து நோக்கினால் மீனின் முள்ளெலும்பு போலத் தோன்றும். நாளுக்கு இருமுறை ஓதநீர் இவ்வழியே உள்ளே வரும். வந்தது போலவே வெளியேறும். போகும்போது உப்பையும் கழுவிக்கொண்டு போகும். வாய்க்கால்களின் ஓரத்தில் வெண்கண்டல் முதலியவற்றை நட்டனர். வனத்துறையும் சிற்றூர் மக்களும் நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை இது. வாய்க்கால் வெட்டிய கைகள் ஊராரின் கைகளே. ஊர்தோறும் ஆண், பெண் இருபாலரும் அமர்ந்த மன்றங்கள் அமைந்தன. கண்டல் பற்றிய பேச்சோடு குடிநீர், சாலை, கடன் பற்றிய பேச்சும் அங்கு நடந்தது. பிச்சாவரத்தில் வாழும் இருளர்களையும் இங்கே குறிப்பிடவேண்டும். வலையோ படகோ இன்றி, ஆழமற்ற கழிநீரில் ஊர்ந்து, கையால் துழாவி இறால் பிடிப்பவர் அவர். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டே நீரில் நகர்வர். பழங்குடியினர் என்னும் சான்றிதழ்கூட இன்றி இருந்த அவர்களுக்கு அது கிடைக்க நிறுவனம் துணைநின்றது. மரம் நடுவதற்கும் சான்றிதழுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாருளர். சான்றிதழ் இல்லாத ஒருவன் அரசின் ஏட்டில் எந்த வாக்கியத்திற்கும் எழுவாய் ஆக முடியாது.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். இல்லையேல் இது திறனாய்வு ஆகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும்.

முதலாவது, 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தொடர்பானது. கண்டற்காட்டிற்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்தது. ‘காடு ஊரைக் காத்தது’ என்று செய்தித்தாள்கள் எழுதின. இக்காட்டிற்கு இன்று வழங்கும் ‘அலையாத்தி’ என்னும் பெயரும் அவ்வாக்கியத்திற்குத் துணைநின்றது. அலையை ஆற்றுவது என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். 2005-இல் வெளிவந்த ஆய்வுகளும் மரங்கள் சேதத்தைக் குறைத்தன என்றே கூறின. ஆனால் 2006-இல் வேறு சில ஆய்வாளர், அவ்வாய்வுகளுள் ஒன்றின் புள்ளிவிவரங்களையே மீண்டும் எடுத்துக் கணக்கிட்டு ஒரு மறுப்பு எழுதினர். அவ்வூர்கள் கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தன, எவ்வளவு மேட்டில் இருந்தன என்பவற்றைக் கணக்கில் சேர்த்தால், மரங்களின் பங்கு என்று தனியே சொல்ல மிகச் சிறிதே எஞ்சுகிறது என்பது அவர்கள் வாதம். இவ்வழக்கு முற்றுப்பெற்றுவிட்டதாக நான் கூறமாட்டேன். ஆயினும் எழுவாய் விஷயத்தில் நாம் எவ்வளவு எளிதில் ஏமாறுகிறோம் என்பதற்கு இது நல்ல சான்று. காடு அழிந்தபோது ஏழையை எழுவாய் ஆக்கியதும் அவசரம். ஊர் பிழைத்தபோது காட்டை எழுவாய் ஆக்கியதும் அவசரம். முன்னது தீய அவசரம், பின்னது நல்லெண்ணத்தால் வந்தது என்பதே வேறுபாடு. கண்டற்காட்டைக் காப்பதற்கு வேறு காரணங்கள் போதிய அளவு உள்ளன. இறாலும் மீனும் நண்டும் அங்கேதான் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. ஆழிப்பேரலையைத் தடுத்ததாகச் சொல்லித்தான் அதற்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது குறை வாய்க்காலில் இருக்கிறது. வெட்டிய வாய்க்கால் தூர்ந்து போகும். அவ்வப்போது வண்டலை அகற்றியாக வேண்டும். வெட்டும் செலவுக்குத் திட்டப் பணம் வந்தது. தூர் வாரும் செலவு திட்டம் முடிந்த பிறகு வருவது. காடோ வனத்துறையின் உடைமை. காட்டின் உரிமை ஒருவரிடம், உழைப்பு மற்றொருவரிடம், பணம் மூன்றாமவரிடம் என்று பிரிந்து நிற்கும்வரை, ‘மக்கள் காத்தனர்’ என்னும் வாக்கியத்தை நான் முழு மதிப்பெண் கொடுத்துத் திருத்தமாட்டேன். இந்நிறுவனம் ஒன்றன் குறையன்று இது. இவ்வகை நிறுவனங்கள் அனைத்தின் குறையும் இதுவே.

அவற்றின் தமிழ் அறிக்கைகளைப் படித்தாலே இது விளங்கும். ‘பயனாளிகளுக்கு விழிப்புணர்வு ஊட்டப்பட்டது.’ ‘மகளிருக்குப் பயிற்சி வழங்கப்பட்டது.’ மக்கள் எப்போதும் நான்காம் வேற்றுமையிலேயே நிற்கின்றனர். ‘கு’ உருபு அவர்களைவிட்டு நீங்குவதே இல்லை. அவர்கள் கொள்வோர், கொடுப்போர் பெயரோ செயப்பாட்டு வினைக்குள் அடக்கமாக மறைந்துகொள்கிறது. ‘பயனாளி’ என்னும் சொல்லையே பாருங்கள். உழைப்பாளி உழைப்பை உடையவன். படைப்பாளி படைப்பை உடையவன். பயனாளி மட்டும் பிறர் தரும்வரை காத்திருப்பவன்! பயிரை வளர்த்தவனுக்கு அன்றோ பயன் உரியது? நல்ல சொல் ஒன்றைத் தலைகீழாக நிறுத்திவிட்டார்கள்.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் தென்கடற்கரையில் காசி என்றொரு வளைகுடா இருக்கிறது. (நம் காசிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அங்கும் கண்டற்காடு உண்டு. 1970களில் தொழிற்சாலை விறகுக்காக அங்கும் மரங்களை மொட்டையாக வெட்டினர். அங்கும் வெட்டிய இடம் தானே தழைக்கவில்லை. பிச்சாவரக் கதையை அப்படியே சுவாகிலி மொழியில் சொன்னது போன்றது. 1990களின் தொடக்கம் முதல் ஆய்வாளர் அங்கு மறுநடவு செய்துவந்தனர். 2013-இல் காசி, மக்கோங்கேனி என்னும் இரண்டு ஊர்களின் மக்கள் ‘மிக்கோக்கோ பமோஜா’ என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினர். ‘கண்டல்கள் ஒன்றாக’ என்பது அதன் பொருள். 117 எக்டர் காட்டை அவர்கள் காக்கின்றனர். அக்காடு உள்வாங்கும் கரியைக் கணக்கிட்டு, அதற்கு ஈடாக வெளிநாட்டார் கொடுக்கும் விலையைப் பெறுகின்றனர். அப்பணம் குடிநீருக்கும் பள்ளிக்கும் செலவாகிறது. எதற்குச் செலவிடுவது என்பதை ஊர்கூடிப் பேசி முடிவு செய்கின்றனர். 2017-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் பூமத்தியரேகைப் பரிசும் இதற்குக் கிடைத்தது.

இவ்வமைப்பு பிச்சாவரத்தைவிட ஒரு படி மேல் என்று சொல்லத் தோன்றும். ‘ஊரார் விற்றனர், ஊரார் வாங்கினர், ஊரார் பள்ளி கட்டினர்’ என்று எழுவாய் ஊராராகவே இருக்கிறது. நானும் முதலில் அங்ஙனமே கொள்கிறேன். ஆனால் வாங்குபவர் யார் என்று அடுத்து நோக்கவேண்டும். தொலைவில் எங்கோ புகையை எழுப்பியவர், அப்புகைக்குக் கழுவாயாக இக்காட்டின் கணக்கை வாங்குகிறார். புகையை எழுப்பிய வாக்கியம் ஒன்று இருக்கிறதே, அதன் எழுவாய் இவ்வறிக்கையில் வருவதில்லை. காசி மக்களின் குறை அன்று அது. நடுவுநிலையோடு படிப்பவர் கருதவேண்டியது.

இவை யாவும் கடல்கடந்த செய்திகள், தோட்டத்துப் பள்ளி ஆசிரியருக்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்கலாம். நம் வட்டாரத்து வாக்கியங்கள் மூன்றைத் தருகிறேன். ‘தோட்டம் மூடப்பட்டது.’ ‘மக்கள் வெளியேறினர்.’ ‘பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்தது.’ நெகிரி செம்பிலானில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய எந்தத் தலைமையாசிரியரும் இவற்றைத் தம் கைப்பட எழுதியிருப்பார். முதல் வாக்கியம் செயப்பாட்டு வினை. மூடியவர் யாரென்று அதில் இல்லை. மூன்றாவது வாக்கியத்தில் எண்ணிக்கை தானாகவே குறைந்துகொண்டது. நடுவில் உள்ள ஒன்றில் மட்டும் எழுவாய் பளிச்சென்று நிற்கிறது: மக்கள். அவர்கள்தாம் ‘வெளியேறினர்’. வீடு தோட்டத்து நிர்வாகத்தின் வீடு, வேலை போனால் வீடும் போகும் என்பது அந்த வாக்கியத்தில் எங்கே இருக்கிறது? பின்னொரு நாள் கூட்டத்தில் யாரேனும் எழுந்து, ‘நம்மவர்கள் தமிழ்ப் பள்ளியைக் கைவிட்டுவிட்டார்கள்’ என்று பேசும்போது, அப்பேச்சுக்கு இலக்கணம் வகுத்துக் கொடுத்தவர் நாமே என்பதை நினைவுகூர்தல் நன்று.

நம் வரலாற்றில் இதற்கு மாறான ஒரு வாக்கியமும் இருந்தது. 1950களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பால்மரம் வெட்டுவோர் பங்குதாரர் ஆயினர். 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. ‘தொழிலாளர் தோட்டத்தை வாங்கினர்’ என்று எழுத முடிந்தது. எழுவாயும் பயனிலையும் செயப்படுபொருளும் தத்தம் இடத்தில் இருந்த வாக்கியம் அது. ஆயினும் பங்கு வைத்திருந்தவர் பலராயிருக்க, அத்தோட்டத்தில் மரம் வெட்டியவர் முன்போலவே கூலிக்காரராக இருந்தார் என்னும் திறனாய்வும் உண்டு. அதனையும் மறைக்க வேண்டுவதில்லை.

காட்டைப் பற்றி நம் மாநிலத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. நெகிரி செம்பிலானின் பாசோ வனக்காப்பகத்தில் 50 எக்டர் நிலத்தை அளந்து, விரற்கடை பருமனுள்ள செடி முதல் வானளாவிய மரம்வரை ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, 1980களின் நடுப்பகுதி முதல் ஆய்வாளர் கணக்கெடுத்து வருகின்றனர். எண்ணூறுக்கு மேற்பட்ட மர வகைகள் அந்நிலத்தில் உள்ளன. அக்கணக்கிலே ஒரு வியப்பு வெளிப்பட்டது. யாரும் கோடரி எடுத்துச் செல்லாத நடுக்காட்டிலேயே இளமரங்கள் குறைந்துகொண்டு வந்தன. 2017-இல் வெளிவந்த ஆய்வின்படி, 24 ஆண்டுகளில் 62 விழுக்காடு குறைவு. காரணம் காட்டுப்பன்றி. ஈனும் பருவத்தில் பெண்பன்றி இளஞ்செடிகளை ஒடித்துக் குவித்துக் கூடு அமைக்கும். அப்படியானால் காட்டை அழித்தது பன்றியா? பன்றிக் கூட்டம் அவ்வளவு பெருகியது எதனால்? காட்டைச் சூழ்ந்துள்ள செம்பனைத் தோட்டங்களில் உதிரும் பழத்தைத் தின்று. பழைய செம்பனைகளை வெட்டி மறுநடவு செய்து பழம் இல்லாமற்போன ஆண்டுகளில் பன்றியும் குறைந்தது. தோட்டத்தின் கணக்கேட்டில் ‘பன்றித் தொல்லை’ என்று ஒரு செலவு இருக்கும். காட்டின் கணக்கேட்டில் அதற்கு நேரான பக்கத்தைப் பாசோ ஆய்வாளர் எழுதியிருக்கின்றனர்.

நம் மாணவர் ‘இயற்கையைக் காப்போம்’ என்று கட்டுரை எழுதும்போதெல்லாம் ‘மனிதன் காட்டை அழிக்கிறான்’ என்று தொடங்குவர். நாமும் சந்திப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சரிக்குறி இடுகிறோம். செம்பனைக் குலை வெட்டும் தகப்பனும் ‘மனிதன்’, அத்தோட்டத்தை வைத்திருப்போரும் ‘மனிதன்’, எண்ணெயை வாங்குவோரும் ‘மனிதன்’. என் பள்ளியில் நான் அச்சொல்லின் கீழ்ச் சிவப்புக் கோடு இடுவதில்லை, பக்கத்தில் ‘எம்மனிதன்?’ என்று எழுதி ஏட்டைத் திருப்பித் தருகிறேன். பாசோ காட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த வாரத்தில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ‘மனிதன்’ என்பதை அடித்துவிட்டுப் ‘பன்றி’ என்று திருத்திக்கொண்டு வந்தான். மீண்டும் அதே வினாவை எழுதிக் கொடுத்தேன். பன்றியைத் தாண்டி அவன் அடுத்த சொல்லுக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.